அம்மாவின் மூட்டு மாற்று ஆபரேஷனும் ரத்தக்கட்டி பயமும்

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் வலியைப் பற்றியும் தையலைப் பற்றியும்தான் விசாரித்தார்கள். டாக்டர் கவலைப்பட்டதோ ரத்தக்கட்டியைப் பற்றி. ஆபரேஷன் முடிந்த உடம்பில் ரத்தம் சீக்கிரம் உறையும்; படுத்தே கிடந்தால் காலில் ஓட்டமும் குறையும். அப்படி உள்ளே உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்று விளக்கினார்.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை தினமும் வயிற்றில், ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸாபாரின் ஊசி, 40 மி.கி. நர்ஸ் தொப்புளை விட்டுத் தள்ளி, சதையைக் கிள்ளினாற்போல் பிடித்துக்கொண்டு, ஊசியை நேராக இறக்கி, மருந்தை மெதுவாக ஏற்றுவார். முதல் நாள் அம்மா அந்த இடத்தைத் தேய்க்கப் போக, சட்டென்று கையைப் பிடித்துவிட்டார். "தேய்க்காதீங்கம்மா, கன்னிப்போயிடும்."

மறுநாளே வாக்கர் பிடித்து நடக்கவைத்தார்கள். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். கெண்டைக்கால் சதை இறுகித் தளரும்போதுதான் ரத்தம் இதயத்தை நோக்கி மேலே ஏறுகிறதாம்.

வீட்டுக்கு வந்தபின்தான் பாடு. பார்க்க வந்த அத்தை, "அண்ணி, அசையாமப் படுங்க" என்பார். பாசம்தான், ஆனால் அந்த நேரத்தில் அதுதான் ஆகாது. ஊசிக்குப் பதில் தினம் ஒரு ரிவராக்ஸபான் மாத்திரை, 10 மி.கி. முழங்கால் என்றால் சுமார் 2 வாரம், இடுப்பு மூட்டு என்றால் 5 வாரம் கொடுப்பது வழக்கம். சிலருக்கு ஆஸ்பிரினே எழுதுகிறார்கள். அது அவரவர் உடல்நிலையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வது. இந்த மாத்திரையோடு, வலிக்கிறதே என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிப் போட்டுவிடாதீர்கள், ரத்தக்கசிவு வரலாம்.

ஒருநாள் மாலை அம்மாவின் கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. ஆபரேஷன் செய்த காலில் வீக்கம் சகஜம்தான்; ஆனால் எது சாதா வீக்கம், எது கட்டி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. போன் செய்ததும் உடனே வரச் சொல்லி, காலின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இல்லை. மாத்திரையையும் நடையையும் அப்படியே தொடரச் சொன்னார் டாக்டர். இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்: திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ அவருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நேராக 108-ஐக் கூப்பிட வேண்டும்.