பூவை விடுங்கள், முதலில் இலையைப் பாருங்கள்

முற்றத்துக்கு நிறம் வேண்டும் என்று நர்சரிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர், அன்றைக்குப் பூத்து நிற்கிற செடியைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பெட்டூனியா, டயாந்தஸ், கறுப்புக் கவரில் கொத்தாகப் பூத்த செவ்வந்தி. கொள்ளாம், பார்க்க அழகுதான். ஆனால் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, நடுவில் காற்று என்று இருக்கிற குமரி மாவட்டத்தில் அந்த மெல்லிய இதழ்கள் எவ்வளவு நாள் தாங்கும்? சென்னைக்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்து அப்படியே வாங்கினால் காசுதான் போகும், அவர்களுக்கு முக்கியமான மழையே அக்டோபருக்கு அப்புறம்தான், நமக்கு இரண்டுமே கனமாக உண்டு. அதனால் பாத்தியானாலும் தொட்டியானாலும் நிலையான நிறத்தை இலையில் வாங்குங்கள், பூவை இடையிடையே வைத்துக்கொள்ளலாம்.

இலை என்றதும் குரோட்டன்ஸா, அது பாட்டி காலத்துச் செடியாச்சே என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு எல்லாம் ஒரே செடியில் வருஷம் முழுக்க வேறு எதில் கிடைக்கும்? வெயில் மட்டும் வேண்டும். மாமர நிழலில் வைத்துவிட்டு நிறம் மங்கிப் பச்சையாகிவிட்டது என்று நர்சரிக்காரரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. மழை பிடித்ததும் பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு சாண் கம்பு வாங்கி நட்டாலே பிடித்துக்கொள்ளும், ஆனால் வெட்டும்போது வடிகிற பால் துணியில் பட்டால் கறை போகாது.

நிழலான இடத்துக்குக் கோலியஸ். கதிர் நீட்டிப் பூக்க ஆரம்பித்தால் அதைக் கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் செடி பூவிலேயே சத்தைக் கொட்டி இலை சிறுத்துப்போகும். கலேடியம் மழைக்காலத்தில் ஜோராக இருக்கும், வெயில் ஏறியதும் இலையெல்லாம் வாடி மறைந்துவிடும், செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், மண்ணுக்குள் கிழங்கு தூங்குகிறது. வராந்தாவில் வைக்கச் சிவப்பு அக்லோனிமா நல்லது, விலைதான் கொஞ்சம் கடி. பாத்தி ஓரத்துக்கு, அடிப்புறம் ஊதாவாக இருக்கும் ரியோ போதும், அதைக் கவனிக்கவே வேண்டாம்.

இனி தெச்சி, அதாவது இட்லிப்பூ. நம் மேற்குப் பக்கத்துச் செம்மண் கொஞ்சம் புளிப்பு, தெச்சிக்கு அதுதான் பிடிக்கும், அதனால்தான் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் வேலியோரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே சிவந்து கிடக்கிறது. அதே செடியைப் புது வீட்டு மதிலை ஒட்டி நட்டால் மட்டும் ஏன் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது? கட்டுமான வேலையில் கொட்டிய சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணின் புளிப்பைக் கெடுத்துவிடும், மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேர் எடுக்க முடியாது. இதற்கு மேல் எத்தனை கூடை சாணம் போட்டாலும் பிரயோஜனம் குறைவு. இடிபாட்டைத் தோண்டி எறிந்துவிட்டு, நல்ல செம்மண்ணும் மக்கிய உரமும் நிரப்பி, மதிலிலிருந்து இரண்டடி தள்ளி நடுங்கள். அவசரமென்றால் உரக்கடையில் கிடைக்கும் இரும்புச் சத்து மருந்தை இலையில் தெளிக்கலாம்.

காகிதப்பூவையும் நான் இலைக் கணக்கில்தான் சேர்ப்பேன். கலர் கலராகத் தெரிவது இதழே இல்லை, நிறம் மாறிய இலைகள்தான், நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. மொட்டைமாடியில் சின்னத் தொட்டியில் வைத்துத் தண்ணீரைக் குறைத்தால் நிறம் பொங்கும், செல்லம் கொடுத்து ஊற்றினால் வெறும் பச்சைதான். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோர வீடுகளில் உப்புக்காற்றுக்கு நன்றாக நிற்பவை இதுவும் அரளியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் தோவாளைப் பக்கத்தில் கல்வாழை வைக்காதீர்கள், இலை நார்நாராகக் கிழிந்துவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும், நம்ம ஊர் வீடுகளின் பெயிண்ட். ஆரஞ்சுச் சுவருக்கு முன்னால் ஆரஞ்சுக் கனகாம்பரம் வைத்தால் அது யார் கண்ணுக்குத் தெரியும்? மைனியிடம் சொன்னால் "எனக்குப் பிடிச்சிருக்கு, உனக்கென்ன?" என்பார்கள். சரி, அவர்கள் வீடு. கடுஞ்சுவர் இருந்தால் வெள்ளை கலந்த இலைதான் எடுபடும் என்பது என் கட்சி.

பூ ஆசையை யாரும் விட வேண்டாம், மாதம் பார்த்து நட்டால் போதும். மழை தொடங்கும்போது காசித்தும்பை. நித்யகல்யாணியும் பத்துமணிப்பூவும் வெயில் காலத்துக்கு, ஈரம் தேங்கினால் இரண்டும் அழுகும், அவற்றின் தொட்டியில் மணலைக் கூட்டி நார்த்தூளைக் குறையுங்கள். ஓணத்துக்குத் தோவாளைச் சந்தையில் கிரேந்தியும் (செண்டுமல்லி) வாடாமல்லியும் குவிவதைப் பார்த்து அப்போது நாற்றுத் தேடாதீர்கள், பொங்கலுக்கு முற்றத்தில் கிரேந்தி நிற்க வேண்டுமென்றால் நவம்பர் தொடக்கத்தில் நட்டுவிட வேண்டும். பெட்டூனியாதான் வேண்டும் என்று அடம் பிடித்தால் டிசம்பர் கடைசியில் வாங்குங்கள், மார்ச் வரை ஓட்டலாம்.