நாலு சில்லும் இழுக்க வேண்டுமா?

ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. முற்றத்து மாமரத்தின் கீழ் நிற்கும் பழைய டொல்பின் வானை, அதாவது டொயோட்டா ஹைஏஸை, நாலு சில்லையும் இஞ்சின் இழுக்கும் ஃபோர் வீல் ஆக்குவதா, இருந்தபடியே விடுவதா என்பதுதான் அது. நீர்ப்பாசன வேலையில் முப்பது வருடத்துக்கு மேலாகக் குளக்கட்டுகளிலும் வாய்க்கால் கரைகளிலும் அலைந்து ஓய்வுபெற்றவன் நான். அளவு நாடாவும் கோப்பும் கையிலில்லாமல் அந்தக் குளங்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆசையில், மடு ஆவணித் திருவிழாவுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் சனம் ஏற்றி ஓடித் தேய்ந்த வான் ஒன்றை வாங்கினேன். டர்போ இல்லாத 3எல் டீசல் இஞ்சின், 2,779 சிசி. வேகம் கிடையாது, ஆனால் நின்றுவிடும் பழக்கமும் கிடையாது. பின் இருக்கைகளைக் கழற்றி வேப்பம் பலகையில் கட்டில் அடித்து, 80 லீற்றர் தண்ணீர்த் தொட்டியும், காஸ் அடுப்பும், கூரையில் ஒரு சூரியத் தகடும் பொருத்தியபின் அது எங்கள் இருவருக்கும் ஓடும் வீடாயிற்று.

வழக்கு தொடங்கியது ஒரு மார்கழியில், குமுழமுனையிலிருந்து தண்ணிமுறிப்புக் குளத்துப் பக்கம் போனபோது. கிரவல் முடிந்து வெறும் மண் தொடங்கும் இடத்தில், முதல்நாள் மழையில் ஊறிய தடத்தில், இடது பின்சில்லு வழுக்கத் தொடங்கியது. நான் அக்ஸிலரேற்றரை அமத்த அமத்த அது தனக்குத்தானே குழி தோண்டியது. வலது பின்சில்லோ உறுதியான தரையில் அசையாமல் நின்று வேடிக்கை பார்த்தது. வன்னியின் பெரும்பகுதியில் இருக்கும் சிவந்த கபில மண்ணுக்கு இரண்டு குணம் உண்டு: கோடையில் அலவாங்கு போட்டாலும் தெறிக்கும், மாரியில் மிதித்த காலை விடாது. இதைப் பிறருக்கு விளக்கிச் சம்பளம் வாங்கிய நானே அதில் புதைந்து நின்றது மனைவிக்கு இன்றைக்கும் சொல்லிச் சிரிக்க உதவுகிறது.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு வயலிலிருந்து ஒரு தம்பி மெசி பேர்குசன் 240 உழவு இயந்திரத்தோடு வந்தார். "ஐயா, நீங்கள் ஏறி இருங்கோ. முதலாம் கியரில மெல்ல விடுங்கோ, அமத்தாதேங்கோ" என்று சொல்லிக் கயிற்றைக் கொழுவினார். இழுக்கத் தொடங்கியதும் அவருடைய சில்லு ஒன்றும் வழுக்கிச் சுற்றியது. அவர் பதறாமல் வலது குதிக்காலால் கீழே இருந்த சிறு மிதியை அமத்தினார்; இரண்டு பின்சில்லுகளும் ஒன்றாகப் பிடித்தன, வான் வெளியே வந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த மிதிதான் என் மனதில் இருந்தது. இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டரிலிருந்து பிரித்துச் சொல்வதற்காக நாங்கள் அதை நாலு சில்லு உழவு இயந்திரம் என்கிறோமே தவிர, அந்த மெசியில் இஞ்சின் இழுப்பது பின்சில்லு இரண்டை மட்டுமே. முன்சில்லுகள் திரும்புவதற்கு உள்ளவை. அதாவது, என்னுடைய வானைப் போன்ற இரண்டு சில்லு இழுவை வண்டி ஒன்றுதான் என்னை மீட்டது. அதற்கிருந்த வித்தியாசங்கள் வேறு: ஆளுயரத்துக்குக் கிட்டவான பின்சில்லு, ஆழமான பல் வைத்த ரயர், பின்பக்கம் தங்கும் பாரம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மிதி.

அந்த மிதி என்ன செய்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் முடிவு அதில்தான் தொங்குகிறது. வளைவில் வெளிச்சில்லு உட்சில்லைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்கொடுக்கும் டிபரன்ஷியல் ஒவ்வொரு வண்டியிலும் உண்டு. சாதாரண டிபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் சம அளவு முறுக்கு விசையையே கொடுக்கும். ஒரு சில்லு சேற்றில் எதிர்ப்பின்றிச் சுற்றினால் அங்கே தேவைப்படும் சொற்ப விசைதான் மற்றச் சில்லுக்கும் கிடைக்கும். அதனால்தான் ஒன்று சுழல, மற்றது சும்மா நின்றது. மிதியை அமத்தினால் இடது வலது சில்லுகளின் அச்சு இரண்டும் ஒன்றாகப் பூட்டப்படும். பிடிப்புள்ள சில்லு தன் வேலையைச் செய்யும். ஃபோர் வீல் ஆக்கிவிட்டால் இந்தச் சிக்கல் மறையும் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் பூட்டில்லாத டிபரன்ஷியல் முன்னுக்கும் ஒன்று, பின்னுக்கும் ஒன்று இருந்தால், முன்னால் ஒரு சில்லும் பின்னால் ஒரு சில்லும் சுழல, நான்கு சில்லு இழுவை வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஆனாலும் ஆசை விடவில்லை. கிளிநொச்சியில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் கீழே படுத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "செய்து தரலாம் அண்ணை, ஆனால் பிறகு என்னைத் தேடி வரப்படாது" என்றார். அவர் கணக்கில் வந்த சாமான்கள்: கியர் பெட்டிக்குப் பின்னால், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்பர் பெட்டி, முன் டிபரன்ஷியல், இரண்டு முன் அச்சு, அவற்றை ஏற்கக்கூடிய முன்சில்லுக் குடங்கள், இழுவையை அங்கிருந்து டிபரன்ஷியல்களுக்குக் கொண்டுபோகும் புதிய புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டு. இந்த வானில் சாரதி முன் அச்சின் மேலேயே இருக்கிறார், இஞ்சின் இருக்கையின் கீழே இருக்கிறது. முன் டிபரன்ஷியல் வர வேண்டிய இடத்தில் இஞ்சின் எண்ணெய்த் தொட்டியும் குறுக்குச் சட்டமும் இருக்கின்றன. சட்டத்தை வெட்டி ஒட்ட வேண்டும், அல்லது உடம்பை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் ஸ்டியரிங் கம்பிகளின் கோணம் மாறும், ஏற்கெனவே உயரமான வான் இன்னும் ஆடும். முன் பின் டிபரன்ஷியல்களின் பல்விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னுக்கு 4.1, பின்னுக்கு 4.3 என்று போட்டுவிட்டால் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். தார் வீதியில் எங்காவது ஒரு பல் உடையும்வரை அந்த முறுக்கு இறங்காது. இதெல்லாம் முடிந்தபின் பதிவுப் புத்தகத்தில் மாற்றம் பதிய வேண்டும், காப்புறுதிக்காரருக்கும் சொல்ல வேண்டும். செலவு நான் வானுக்குக் கொடுத்த விலையின் பாதிக்கு மேல் வந்தது.

கனடாவில் இருக்கும் மைத்துனர் தொலைபேசியில் வேறு யோசனை சொன்னார். ஜப்பானிலேயே ஃபோர் வீலாகச் செய்த டெலிகா ஒன்றைத் தேடலாமே என்றார். யோசனை பிழையில்லை. மிற்சுபிசி நிறுவனம் 1982 முதல் டெலிகாவை நான்கு சில்லு இழுவையோடு செய்திருக்கிறது. நம்முடைய டொல்பின் வகையிலும் தொழிற்சாலையிலிருந்தே ஃபோர் வீலாக வந்தவை உண்டு. தொழிற்சாலை யோசித்துச் செய்ததும் நாங்கள் வெட்டி ஒட்டியதும் ஒன்றாகாது என்பதால், ஃபோர் வீல்தான் வேண்டும் என்று நிற்பவருக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை இழுபட்டதில் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். என் ஓய்வூதியம் அப்படி ஏறவில்லை.

பிறகு ஒருநாள் ஆறுதலாக இருந்து, நாங்கள் உண்மையில் எங்கே போகிறோம் என்று எழுதிப் பார்த்தேன். இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம், மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம். இவற்றுக்குக் கிட்டவரை தாரோ கிரவலோ இருக்கிறது. மாரியில் கரைச்சல் தருவது கடைசித் துண்டு மட்டுமே. முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியில் மழை நாளில் எந்த இழுவையும் உதவாது. களி ரயரின் பல்லை அடைத்துவிட்டால் நான்கு சில்லும் நான்கு வழுவழுப்பான உருளைகள்தான். கொக்கிளாய்க் கடற்கரை மணலில் ரயர்க் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தாலே டொல்பின் போய்வருகிறது. திரும்ப நிரப்பச் சிறு மின்பம்பி ஒன்று போதும்.

பாதையை விட்டு இறங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வான்காரர் ஃபோர் வீல் போடுவது பாதை இல்லாத இடத்தில் போவதற்கு. எங்களுக்கோ 2009 க்குப் பிறகு ஊர் திரும்பிய நாள் முதல், மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள், தடத்தை விட்டு ஓர் அடியும் வைக்காதே என்று பழக்கியிருக்கின்றன; கண்ணிவெடி அகற்றல் இன்னும் முடியவில்லை. அதோடு, ஈரக் குளக்கட்டில் பாரமான வண்டி ஓடினால் சில்லுத் தடத்தில் தண்ணீர் தேங்கி, அந்த இடத்திலேயே கட்டு அரிக்கத் தொடங்கும். மற்றவர்களை அதற்காக ஏசிய வாய் இது.

ஆகவே ஃபோர் வீல் இல்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, வழுக்கும் சில்லின் சுழற்சியைக் கட்டுப்படுத்தி மற்றச் சில்லுக்கும் விசை அனுப்பும் டிபரன்ஷியல் ஒன்றைக் கழித்த ஹைலக்ஸ் ஒன்றிலிருந்து எடுத்து, பின் அச்சில் பொருத்த முடியுமா என்று மெக்கானிக் அளந்துகொண்டிருக்கிறார். அதற்கும் குறை உண்டு: சரிவான களிப் பாதையில் இரண்டு சில்லும் ஒன்றாகப் பிடிப்பு விட்டால் வானின் பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கும், மெதுவாகத்தான் ஓட வேண்டும். பின்னுக்கு ஆழமான பல் வைத்த ரயர் இரண்டு வாங்கியாயிற்று. தண்ணீர்த் தொட்டியைச் சாரதி இருக்கைக்குப் பின்னாலிருந்து பின் அச்சின் மேலே மாற்றினேன். காசில்லாமல் 80 கிலோ பாரம் இழுக்கும் சில்லுகளுக்குப் போயிற்று. அவசரத்துக்குக் கைப்பிறேக்கைச் சிறிது இழுத்துப் பிடித்தபடி மெல்ல விட்டால் சுழலும் சில்லு அடங்கி மற்றது கொஞ்சம் பிடிக்கும் என்பதையும் முற்றத்தில் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கிப் பழகிப் பார்த்தேன். மாமரத்தடி பாழாகிவிட்டது என்று மனைவிக்குக் கோபம்.

வரும் மார்கழியில் தண்ணிமுறிப்புக்கு மறுபடியும் போகிறோம். நல்ல தடித்த கயிறு ஒன்று கட்டிலின் கீழே இருக்கிறது. மெசி வைத்திருக்கும் அந்தத் தம்பியின் தொலைபேசி இலக்கத்தை, எனக்குச் சொல்லாமலே, மனைவி தன் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்.