மிஸ்ஸியின் நாட்குறிப்பு: யாரிடம் சொல்வது?

(மலேசியாவின் சுங்கை சிப்புட். இங்கே கிளினிக்கில் நான் தாதி, அதாவது நர்ஸ்; எல்லாரும் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மார்ச் 4, 2025, செவ்வாய்

செம்பனைத் தோட்டத்து அக்காவின் சளிப் பரிசோதனை முடிவு வந்தது. காசநோய். சொன்னதுமே, "மிஸ்ஸி, மண்டோருக்குத் தெரியுமா?" என்றார். மண்டோர் என்றால் தோட்டத்து மேற்பார்வையாளர். மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்களாம். 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு வாரத்துக்குள் தெரிவித்தே ஆகவேண்டும் என்று சொன்னேன். அழுதார். மண்டோருக்கு நான் சொல்லத் தேவையில்லை என்றதும் கொஞ்சம் தெளிந்தார்.

மார்ச் 6, வியாழன்

மண்டோர் போன் பண்ணினார். "என்ன சீக்கு மிஸ்ஸி? லயத்து வீடுகள்ல சின்னப் பிள்ளைங்க இருக்கில்ல?" நல்ல மனிதர்தான், பயமும் நியாயமானது. பரிசோதிக்க வேண்டியவர்களை நாங்களே கூப்பிடுவோம் என்றேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை. கோபத்தோடு வைத்துவிட்டார்.

மார்ச் 10, திங்கள்

அக்கா தினமும் வந்து என் கண்முன்னே மாத்திரை விழுங்குகிறார். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். இருந்தும் பயந்துபோய், பாட்டிலில் பிடித்து, இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்களோ என்பதுதான் அவருடைய கவலை. ஆறு மாதச் சிகிச்சை. இந்தப் பயத்திலேயே நிறுத்திவிடக்கூடாதே.

மார்ச் 13, வியாழன்

பக்கத்து வீட்டு இந்தோனேசியப் பெண்ணுக்கும் விடாத இருமல். அக்கா வீட்டில்தான் சாப்பாடெல்லாம். அந்தப் பெண்ணின் வேலை பெர்மிட் முடிந்துவிட்டது. "கிளினிக்குக்கு வந்தா பிடிச்சுக் குடுப்பாங்களா?" என்று அக்காவிடம் கேட்டு அனுப்பியிருக்கிறார்.

ஆவணமில்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 2001இல் சுகாதார அமைச்சு அனுப்பிய சுற்றறிக்கை. "பயப்படாம வரச் சொல்லுங்க" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவார். அப்படி வாக்குக் கொடுக்க என்னிடம் என்ன அதிகாரம் இருக்கிறது? உள்ளதை உள்ளபடியே சொல்லி அனுப்பினேன். ஜன்னலைத் திறந்து வைக்கவும், தனியாகப் படுக்கவும், முகக்கவசம் போடவும் சொன்னேன்.

மார்ச் 17, திங்கள்

இந்தோனேசியப் பெண் வரவில்லை. காசநோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களைத் தேடிப்பிடித்துச் சோதிப்பது எங்கள் வேலை. அதே ஆட்களை வாசலிலேயே விரட்டுகிறது அந்தச் சுற்றறிக்கை. இரண்டையும் ஒரே அமைச்சுதான் எங்கள் கையில் கொடுத்திருக்கிறது. குடிநுழைவு (இமிகிரேஷன்) வேலை குடிநுழைவுத் துறையோடு இருக்கட்டும், கிளினிக்குக்குள் வேண்டாம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி, என் பெயரையும் போட்டு டாக்டரிடம் கொடுத்தேன். மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றார்.