புதுக் காரோடு வந்த டயர் வீங்கியது: வாரண்டி பெற அலைந்த அனுபவம்

புதுக் காரோடு வரும் டயருக்கு வாரண்டி கொடுப்பது கார் கம்பெனி அல்ல, டயர் கம்பெனி. சீட் கவரிலிருந்து கூடுதல் வாரண்டி வரை எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிய ஷோரூம்காரர்கள் இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இதே நிலையில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

கார் 20,000 கிலோமீட்டரைத் தொடும் முன்பே, 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் ஆடத் தொடங்கியது. அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் செய்தும் ஆட்டம் நிற்கவில்லை. கடைசியில் தக்கலையில் ஒரு பஞ்சர் கடைத் தம்பிதான் காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "உள்பக்கம் வீங்கியிருக்குண்ணே, இதுல ஓட்டாதீங்க" என்றார். முன்பக்க இடது டயரின் உட்சுவரில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு புடைப்பு. வலது டயரிலும் அதைவிடச் சற்றுச் சிறியதாக இன்னொன்று. பேலன்சிங் செய்த கடையில் இதே சக்கரங்களைக் கழற்றி இயந்திரத்தில் மாட்டியிருந்தார்கள். அப்போதே ஒருவர் கையால் தடவிப் பார்த்திருந்தால் அந்த நிலையில் களியக்காவிளை வரை குடும்பத்தோடு போய் வந்திருக்க மாட்டோம். சுவருக்குள் இருக்கும் நூலிழைகள் அறுந்து, காற்று ரப்பரைத் தள்ளுவதால் வருவதுதான் இந்தப் புடைப்பு. இதற்கு ஒட்டுப் போட வழியில்லை. எந்த நேரமும் வெடிக்கலாம். சுவரில் சில இடங்களில் உள்வாங்கிய பள்ளம்போல் தெரிவது வேறு. அது பெரும்பாலும் இழைகள் இணையும் இடம், பயப்படத் தேவையில்லை.

நாகர்கோவில் சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டுகூட (வேலைப் பதிவுச் சீட்டு) போடாமல், "டயரும் பேட்டரியும் எங்க வாரண்டியில வராது சார், டயர் கடையில கேளுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். டயர் கடையிலோ, தங்கள் கடை பில் இல்லாத டயரைத் தாங்கள் எடுக்க முடியாது என்றார்கள். கார் பில்லில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும்தான் இருக்குமே தவிர டயர் எண் இருக்காது. ஆகவே இந்த டயர் இந்தக் காரோடு வந்ததுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. இரண்டு பெரிய கம்பெனிகள் ஒன்றையொன்று கை காட்ட, பணம் கொடுத்தவர் நடுவில் நிற்க வேண்டியிருப்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வழி திறந்தது காரோடு வந்த வாரண்டிக் கையேட்டில்தான். டயர் பற்றிய புகார்களை அந்தந்த டயர் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் கொடுக்கலாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு டயர் கம்பெனியின் கட்டணமில்லா எண்ணில் புகார் பதிந்தேன். புகார் எண் குறுஞ்செய்தியாக வந்த பிறகு அதே கடைக்காரரின் பேச்சே மாறிவிட்டது. எனவே முதலில் கடைக்குப் போகாதீர்கள். புகார் எண் வாங்கிக்கொண்டு போங்கள். டயரின் வரிசை எண்ணைப் படமெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தயாரிப்பு வாரமும் ஆண்டும் சேர்ந்த நான்கு இலக்கம் (1423 என்றால் 2023ஆம் ஆண்டின் 14ஆவது வாரம்) பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். என் காரில் அது உள்பக்கத்தில் இருந்ததால், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி வைத்துக் கைப்பேசியை உள்ளே நுழைத்துத்தான் எடுக்க முடிந்தது.

டயரைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டிய டயர் கம்பெனிப் பொறியாளர் திருநெல்வேலியிலிருந்து வருபவர். அவர் மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்கு வருவதாகச் சொன்ன நாளில், சிறிய ஸ்டெப்னியோடு அந்த நெரிசலில் மெதுவாக ஊர்ந்து போய்ச் சேர்ந்தால், வருகை தள்ளிப்போய்விட்டதாகச் சொன்னார்கள். முந்தின நாளே தெரிந்த செய்தியாம். ஒரு போன் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. கிளம்பும் முன் பொறியாளரிடமே பேசி உறுதி செய்துகொள்வது நல்லது.

பிறகு ஒரு நாள் அவர் வந்தார். ரிம்மிலிருந்து டயரைக் கழற்றாமலே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "குழியில அடிபட்டதாக்கும், கிளைம் வராது" என்றார். நம் மாவட்டத்துச் சாலைகளின் மழைக்காலக் கோலம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் இந்தப் பதில் அவர்களுக்கு எப்போதும் தயாராக இருக்கிறது. நான் இரண்டே கோரிக்கைகள் வைத்தேன்: டயரைக் கழற்றி உட்புறம் பார்க்க வேண்டும், மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். குழியில் பலமாக அடிபட்டிருந்தால் டயர் ரிம்முக்கும் சாலைக்கும் இடையில் நசுங்கும். வழக்கமாக உட்புறத்தில் நசுங்கிய தடம் விழும், ரிம் விளிம்பும் வளைந்திருக்கலாம். கழற்றிப் பார்த்தபோது இடது டயரின் உட்புறம் துளித் தடமும் இல்லாமல் இருந்தது, ரிம்மும் நேராக இருந்தது. வலது டயரில் மடிப்புபோல ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது. அதை நானும் மறுக்கவில்லை. இடது டயர் தயாரிப்புக் குறை என்று ஏற்கப்பட்டது, வலது நிராகரிக்கப்பட்டது. கழற்றச் சொல்லாமல் திரும்பியிருந்தால் இரண்டுமே போயிருக்கும்.

ஏற்றுக்கொண்டாலும் முழு டயரும் இலவசமாகக் கிடைக்காது. மீதமிருக்கும் பட்டன் (சாலையில் படும் பகுதியின் வரிப்பள்ளம்) ஆழத்தை அளந்து, தேய்ந்த பங்குக்கான பணத்தை நம்மிடம் வாங்குவார்கள். பல இடங்களில் அளந்து மிகக் குறைந்த அளவையே எழுதினார்கள். ஓட ஓட நம் பங்கு கூடும் என்பதால் புடைப்பைக் கண்டவுடன் புகார் கொடுத்துவிட வேண்டும்.

மறுப்புக் கடிதம் கையில் இருந்தால் மேற்கொண்டு நகர்வது எளிது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கால வரம்பு 2 ஆண்டுகள்.

ஒரே அச்சில் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதால் வலப்பக்கத்துக்கு அதே ரக டயரைச் சொந்தச் செலவில் வாங்கினேன். பின்பக்க டயர்கள் இரண்டிலும் குறையுள்ள இடது டயரின் அதே வாரக் குறியீடு இருப்பதைக் கண்டு, அவற்றையும் பரிசோதிக்கும்படி கம்பெனிக்கு எழுதினேன். குறை வெளியே தெரிந்த பிறகே பார்க்க முடியும் என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலை ஏற்க முடியாது என்று புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன்.