முத்திரை கொடுப்பது சுலபம்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வக்கீலிடம் வேலை பார்க்கிறேன். சங்க விதிகள், ஒப்பந்தங்கள் எழுதுவது என் பங்கு. ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் சிலர் ஒரு யோசனையோடு வந்தார்கள். கோடை விழா நேரத்தில் கண்டவர்களும் 'ரூம் இருக்கு' என்று போர்டு மாட்டிவிடுகிறார்கள். நல்ல இடங்களுக்கு நம் சங்கமே அங்கீகார முத்திரை கொடுத்தால் என்ன? காப்பிக் கிளை போட்ட லோகோகூட தயார்.

சீனியர் கேட்ட முதல் கேள்வி: "சங்கத்துக்கு வருமானம் எப்படிங்க?" சந்தாவோடு, ரூம் புக் செய்து கொடுத்துக் கமிஷனும் வாங்குகிறார்கள். அங்கேதான் இடித்தது. 1999 டிரேட்மார்க் சட்டப்படி, தான் சான்று தரும் தொழிலையே செய்பவர் பெயரில் சான்றுக்குறி, அதாவது தரத்துக்குச் சான்று சொல்லும் இந்த மாதிரி முத்திரை, பதிவாகாது. உறுப்பினர்களுக்கு மட்டும் என்றால் கூட்டுக்குறி, அதாவது சங்க உறுப்பினர் என்று காட்டும் குறி, போதும். ஆனால் அது 'இவர் எங்கள் ஆள்' என்று மட்டுமே சொல்லும், தரத்தைச் சொல்லாது. இவர்களோ வெளி ஆட்களுக்கும் கொடுக்க நினைத்தார்கள். கடைசியில், ரூம் தொழிலில் இல்லாதவர்களை வைத்து, 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் தனியாக ஒரு சங்கம் என்று முடிவானது.

அவர்கள் எழுதி வந்த வரைவில் ஒரு வரி: 'முத்திரை பெற்றவர் குறிப்பிட்ட வாடகைக்குக் கீழே அறை கொடுக்கக் கூடாது.' நல்லெண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் போட்டிச் சட்டம், 2002 இதை, போட்டியாளர்கள் கூடிப் பேசி விலை வைப்பது என்றுதான் பார்க்கும். அடித்துவிட்டோம். முத்திரையில் போட நினைத்த 'பாதுகாப்பான தங்குமிடம்' என்ற வாசகமும் போனது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விளம்பரத்தில் ஒரு நிறுவனத்தின் முத்திரையைக் காட்டுவதும் பரிந்துரைக் கணக்கில் வரும். அது ஏமாற்று விளம்பரமானால் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். 'இந்தத் தேதியில், இந்தப் பட்டியல்படி பார்வையிடப்பட்டது' என்று மாற்றினோம். சப்பென்றுதான் இருக்கிறது, என்ன செய்ய?

நேரம் தின்றது முத்திரையைத் திரும்ப வாங்கும் விதி. 'நிர்வாகக் குழுவின் முடிவே இறுதியானது' என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். பறிகொடுத்தவர் கோர்ட்டுக்குப் போனால் இந்த வரி காப்பாற்றாது. குறை என்ன என்று எழுத்தில் நோட்டீஸ், பதில் சொல்ல அவகாசம், ஆய்வுக்குப் போகாத வேறு ஆட்களிடம் மேல்முறையீடு என்று அது இரண்டு பக்கமானது.

"நம்ம ஆளுங்களுக்குள்ள இதெல்லாம் எதுக்குங்க?" என்றார் தலைவர். ஆனால் சுவரில் மாட்டும் பலகை சங்கத்தின் சொத்து, அதற்கு டெபாசிட் கட்ட வேண்டும், முத்திரை ரத்தானால் ஒப்படைக்க வேண்டும் என்ற விதிக்கு வந்ததும், டெபாசிட் எவ்வளவு என்று பேரம் தொடங்கியது. அது மறுவாரமும் தொடர்ந்தது.