‘மறுபடியும் பிறந்த தேதி’ என்ற கட்டம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் எடுத்தேன். ஆயத்த வகுப்பில் பெயர் கொடுத்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் பதினான்கு மாதம். என்னோடு வகுப்பில் உட்கார்ந்தவர்கள் மூன்றாவது மாதமே எடுத்துவிட்டார்கள். மிச்சப் பதினொரு மாதத்தையும் தின்றது சாட்சிப் படிவத்தில் இருந்த ஒரே ஒரு கட்டம். பெயர், பிறந்த தேதி, அதற்கு நேர் கீழே ‘மறுபடியும் பிறந்த தேதி’. அதாவது, தேவன் உள்ளே புது ஜீவன் தந்த நாள்.

இதே கட்டத்தின் முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். கைக்குழந்தையாக இருந்தபோதே பழைய சபையில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். இப்போது போகிற சபை, மறுபடியும் பிறந்த பிறகு எடுப்பதைத்தான் ஞானஸ்நானம் என்கிறது. ஞாயிறு பள்ளி, மனப்பாட வசனம், குடும்ப ஜெபம் எல்லாம் உண்டு. பாவத்தை அறிக்கையிட்டு இயேசுவை ஏற்றுக்கொள்கிற ‘பாவியின் ஜெபத்தை’ முதல் முறை சொன்னது பதினொரு வயதில். பிறகு பதினான்கில், பதினேழில், இருபத்திரண்டில். ‘ஆண்டவரை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள்’ என்று கேட்ட ஒவ்வொரு கூட்டத்திலும் என் கை உயர்ந்தது. ஒவ்வொரு முறையும் ஜெபம் முடிந்ததும் கண்ணைத் திறந்து, உள்ளே ஏதாவது மாறியிருக்கிறதா என்று காத்திருப்பேன். ஒன்றும் தெரியாது. போன தடவை மனசார சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போவேன். இதில் எந்தத் தேதியை எழுதுவது?

வெறுமையாக விட்டேன். நேர்காணல் ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. சபையின் மூப்பர் படிவத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

“தம்பி, உங்க பிறந்த தேதி தெரியும்ல?”

“தெரியும் ஐயா.”

“அப்ப இது மட்டும் எப்படித் தெரியாமப் போகும்? பிறந்திருந்தா தேதி இருக்கும். தேதி இல்லேன்னா இன்னும் பிறக்கலைன்னு அர்த்தம். ஜெபம் பண்ணிட்டு வாங்க.”

அவ்வளவுதான். என் பிறந்த தேதி எனக்குத் தெரிவது அம்மா சொன்னதால்தான். பிறந்த கணம் எனக்கு நினைவில் இருப்பதால் அல்ல. இந்த எளிய பதில் அன்று எனக்கு வாயில் வரவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் வந்தது. அந்த ஆறு மாதமும் நான் தேவனுக்கு வெளியே இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டு தூங்கி எழுந்தேன்.

அடுத்து நான் செய்தது தவறு. தேதி இல்லை என்றால் ஒரு தேதியை உண்டாக்கிக்கொள்வோம் என்று மூன்று நாள் உபவாச முகாமுக்கு விடுப்பு எடுத்துப் போனேன். கடைசி இரவு எல்லோரையும் முன்னால் வரச் சொன்னார்கள். என் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் விம்மி அழுதார்கள். தலைமேல் கை வைத்து ஜெபித்தார்கள். நான் அழ முயன்றேன். கண்ணீர் வரவில்லை. முகாமை நடத்திய ஊழியர் என் காதருகே குனிந்து, “பிரதர், இன்னும் எதையோ ஒப்புக்கொடுக்காம வெச்சிருக்கீங்க” என்றார். நினைவுக்கு வந்த எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்துவிட்டுத்தான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வந்து அந்த இரவின் தேதியைக் கட்டத்தில் எழுதினேன். மூப்பருக்கு முகம் மலர்ந்தது. “அந்த நேரத்துல என்ன உணர்ந்தீங்க?” என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் முகாமில் சொன்ன சாட்சியை என்னுடையது மாதிரி சொல்ல ஆரம்பித்தேன். உடம்பெல்லாம் சூடு பரவியது, பெரிய பாரம் இறங்கியது. பாதியில் நாக்கு நின்றுவிட்டது. “இல்லை ஐயா, இது உண்மை இல்லை” என்று சொல்லிவிட்டுப் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சத்தியத்துக்குச் சாட்சி சொல்லப் போன இடத்தில் பொய் சொன்னேன் என்பது இன்றும் சுடுகிறது. தயவுசெய்து தேதியைக் கற்பனை செய்து எழுதாதீர்கள். வெறுமையாக விடுவதன் அவமானம் சில வாரங்களில் போய்விடும்.

இதற்கிடையில் இன்னொரு அலைச்சல். பழைய சபையிலிருந்து கடிதம் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். இரண்டு தடவை போனேன். முதல் தடவை குருவானவர் இல்லை. இரண்டாம் தடவை இருந்தார், கடிதம் தரவில்லை. ஆனால் உட்கார வைத்து, வேதாகமத்தைத் திறந்து, ஏன் தர முடியாது என்று விளக்கினார். “உனக்கு மறுபிறப்பு அன்றைக்கே ஆயிற்று. நான் உனக்கு எதற்கு இரண்டாவது ஞானஸ்நானத்துக்குக் கடிதம் தர வேண்டும்?” எபேசியர் 4:5ஐக் காட்டினார்: ஒரே ஞானஸ்நானம். பிறகு தீத்து 3:5: “மறுஜென்ம முழுக்கினாலும், பரிசுத்த ஆவியினுடைய புதிதாக்குதலினாலும்”.

ஆக, ஒருவர் நான் இன்னும் பிறக்கவில்லை என்கிறார். இன்னொருவர் கைக்குழந்தையாக இருந்தபோதே மறுபடியும் பிறந்துவிட்டேன் என்கிறார். இருவர் கையிலும் இருப்பது ஒரே வேதாகமம். இது இந்த இருவருக்கு இடையிலான பிணக்கு என்று நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தபோதுதான் சபை வரலாறு நெடுக ஓடும் பிரிவு இது என்று புரிந்தது. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், லுத்தரன் சபைகள் மறுபிறப்பை ஞானஸ்நானத்தோடு சேர்த்துப் பார்க்கின்றன. ஆங்கிலிக்கன் மரபிலும் அந்தப் பார்வை உண்டு. பாப்டிஸ்ட், சகோதரர் சபை, பெந்தெகொஸ்தே சபைகளைப் பொறுத்தவரை மறுபிறப்பு முதலில், விசுவாசத்தோடு நடக்கிறது. தண்ணீர் அதற்கு அடையாளமாகப் பின்னால் வருகிறது. யோவான் 3:5இல் “ஜலத்தினாலும் ஆவியினாலும்” என்று இயேசு சொன்ன அந்த ஜலம் எது என்பதிலேயே பிரிகிறார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் என்கிறார்கள் சிலர். தாய் வயிற்றிலிருந்து பிறக்கிற பிறப்பு என்கிறார்கள் சிலர். எசேக்கியேல் 36இல் சுத்தமான ஜலம் தெளித்து நவமான இருதயம் தருவேன் என்று தேவன் சொல்கிறாரே, அதைத்தான் இயேசு, இரவில் தன்னிடம் வந்த யூதப் போதகர் நிக்கொதேமுவுக்கு நினைவூட்டுகிறார் என்கிறார்கள் இன்னும் சிலர். எனக்கு இந்த மூன்றாவதுதான் மனதில் ஒட்டுகிறது. ‘நீ இஸ்ரவேலில் போதகனாயிருந்தும் இவைகளை அறியாமலிருக்கிறாயா?’ என்று இயேசு கேட்பதென்றால், அது நிக்கொதேமுவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டிய வேதபகுதியாகத்தானே இருக்க வேண்டும்?

கடிதம் கடைசியில் தேவைப்படவே இல்லை. ஒரு பக்கம் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். எந்தக் காகிதத்துக்காகவும் அலைவதற்கு முன், அது உண்மையிலேயே வேண்டுமா என்று சபை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

முடிச்சை அவிழ்த்தது ஆயத்த வகுப்பு எடுத்த வயதான அம்மா ஒருவர். படிவத்தை இரண்டாம் முறை திரும்ப வாங்கியதைக் கேள்விப்பட்டு, வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தினார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. யோவான் 3ஐ எடுத்து சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “இதுல குழந்தை என்ன வேலை செய்யுதுப்பா?” என்று கேட்டார். நான் விழித்தேன். “பிறக்கிற குழந்தை என்ன வேலை செய்யுது? பெத்தவதானே வேலை செய்யறா?”

பிறகு ‘மறுபடியும்’ என்ற சொல்லின்மேல் விரல் வைத்தார். மூலத்தில் அது ‘அனோதென்’ என்ற கிரேக்கச் சொல்லாம். மறுபடியும் என்றும் பொருள், மேலிருந்து என்றும் பொருள். அதே அதிகாரம் 31ஆம் வசனத்தில் “உன்னதத்திலிருந்து வருகிறவர்” என்று வருகிற இடத்திலும் அதே சொல்தான். இயேசுவின் அங்கி மேலே தொடங்கி நெய்யப்பட்டிருந்தது என்று 19ஆம் அதிகாரம் சொல்கிற இடத்திலும் அதேதான். நிக்கொதேமு ‘மறுபடியும்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, தாயின் வயிற்றுக்குள் எப்படித் திரும்பப் போவது என்று கேட்டார். நானும் அதையேதான் இருபது வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுபடியும், மறுபடியும் என்று கை உயர்த்திக்கொண்டிருந்தேன். மேலிருந்து வருவதைக் கீழே நின்று உண்டாக்க முடியாது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

எட்டாம் வசனத்தை என்னை மூன்று முறை வாசிக்க வைத்தார். காற்று தனக்கு இஷ்டமான இடத்திலே வீசுகிறது, சத்தம் கேட்கிறாய், எங்கிருந்து வருகிறதென்று உனக்குத் தெரியாது, “ஆவியினால் பிறந்தவனெவனோ அவனும் அப்படியே இருக்கிறான்”. காற்றுக்கும் ஆவிக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல், ‘நியூமா’. தெரியாது என்று இயேசுவே சொல்லியிருக்கிற ஒன்றைத்தான் படிவம் தேதி போட்டுக் கேட்கிறது. அன்று அந்த வகுப்பறையில் எனக்கு அழுகை வந்தது. முகாமில் வராத அழுகை.

அந்த அம்மா கொடுத்த வீட்டுப்பாடம் அப்போஸ்தலர் 16. ஒரே அதிகாரத்தில் மூன்று பேர். சிறைச்சாலைக்காரன்: நடுராத்திரி, பூமியதிர்ச்சி, “இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்?”, அந்த ராத்திரியே ஞானஸ்நானம். அவனுக்குத் தேதி மட்டுமா, மணிகூடத் தெரியும். லீதியாள்: ஆற்றங்கரையில் பவுல் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தார். சத்தமே இல்லை. தீமோத்தேயு: அதிகாரம் தொடங்கும்போதே சீஷனாக இருக்கிறான். பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் வழியாக வந்த விசுவாசம்; சிறுவயது முதல் வேதத்தை அறிந்தவன். அவனுக்கு எந்தத் தேதி? எங்கள் படிவம் சிறைச்சாலைக்காரனுக்காக மட்டும் அச்சடித்தது.

அப்படியானால் பிறந்திருக்கிறேன் என்று எப்படித் தெரியும்? இதுதான் நியாயமான கேள்வி, இதை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. 1 யோவான் 3:14 இதற்கு நேராகவே பதில் சொல்கிறது: “நாம் சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால், மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறோமென்று அறிந்திருக்கிறோம்.” இதை வாசித்தபோது என் அண்ணன் நினைவுக்கு வந்தார். ஆறு வருஷம் பேசாமல் இருந்தோம். அவர் பெயரைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு இறுகும். அவருக்காக ஜெபிக்க எப்போது தொடங்கினேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஜெபித்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் தெரிந்தது. போன வருஷம் நானாகவே போன் செய்திருக்கிறேன், அவர் பதில் பேசாமல் வைத்தபிறகும் கோபம் வரவில்லை. அந்த மனது என்னுடையது இல்லை. எனக்கு என்னைத் தெரியும்.

இதைத்தான் ஒன்றரைப் பக்கச் சாட்சியாக எழுதினேன். கட்டத்தில் தேதிக்குப் பதிலாக ‘யோவான் 3:8’ என்று எழுதினேன்.

மூன்றாவது நேர்காணலில் மூப்பரோடு போதகரும் இருந்தார். மூப்பர் விடவில்லை. “ஜான் வெஸ்லிக்குத் தேதி தெரியும், நேரம்கூடத் தெரியும்” என்றார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியைத்தான் சொன்னார். உண்மைதான். 1738 மே 24, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டம், இரவு ஒன்பதுக்குக் கால் மணி நேரம் முன்பு, இருதயம் விநோதமாக அனல்கொண்டதாக வெஸ்லியே எழுதியிருக்கிறார். ஆனால் இதற்குள் நானும் படித்திருந்தேன். “ஐயா, அதே வெஸ்லி 1739 ஜனவரியில் தன் நாட்குறிப்பில், நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று எழுதியிருக்கிறாரே. தேதி தெரிந்தும் அவருக்கு நிச்சயம் உடனே நிலைக்கவில்லையே” என்றேன். குரல் நடுங்கத்தான் சொன்னேன். மூப்பர் பதில் சொல்லவில்லை. போதகர் என் சாட்சியை இன்னொரு முறை வாசித்தார். “அண்ணன் இப்ப பேசறாரா?” என்று கேட்டார். “இன்னும் இல்லை ஐயா” என்றேன். “தொடர்ந்து ஜெபியுங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஞானஸ்நானம் நல்லபடியாக நடந்தது. தண்ணீர் குளிர்ந்திருந்தது.

இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். சபைக்கு வெளியே இருக்கிறவர்களிடம் மறுபிறப்பு என்று சொன்னால், செத்தபிறகு வேறு உடம்பில் பிறப்பதா என்றுதான் கேட்பார்கள். தீத்துவில் வேதாகமமே ‘மறுஜென்மம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதால் குழப்பம் நியாயமானது. இதே உடம்பில், இதே உயிரோடு இருக்கும்போதே, தேவன் உள்ளே தருகிற புது ஜீவன் என்று நான் விளக்குகிறேன். பழைய கடனும் பழைய வேலையும் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, எடுத்த பிறகு வருகிற பயம். புதன்கிழமை வேலையிடத்தில் ஒருவர்மேல் கத்திவிட்டேன். அன்று இரவு பழைய சந்தேகம் முழுசாகத் திரும்பி வந்தது: எல்லாம் புதிதாயின என்று படித்தோமே, எங்கே? பழைய வழக்கப்படி, மறுபடியும் முதலிலிருந்து பாவியின் ஜெபத்தைச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. வகுப்பு அம்மாவை அழைத்தேன். “1 பேதுரு 2:2 வாசி” என்றார். இப்பொழுது பிறந்த குழந்தைகளைப்போல ஞானப்பாலின்மேல் வாஞ்சையாயிருங்கள் என்கிறது. “விழுந்த குழந்தையத் தூக்கி விடுவாங்களா, திரும்பப் பெத்துக்குவாங்களா?” என்றார். மறுநாள் போய் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ‘உங்களில் தேவன் செய்திருப்பதை எழுதுங்கள்’ என்று மாற்றலாமே என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஆயத்த வகுப்பு தொடங்க மூன்று வாரம் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.