ஜூலையில் கேப்டவுனுக்குக் காரில்

விடுமுறைக்கு டர்பனிலிருந்து கேப்டவுன் வரை காரிலேயே போகிறோம். ஏறக்குறைய 1,600 கி.மீ. தூரம்கூடப் பரவாயில்லை, வழியில் மலையைக் கடக்கும் வான் ரீனன் கணவாய்தான் யோசிக்க வைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஜூலை குளிர்காலம். 2024 செப்டம்பரில், குளிர்காலமே முடிந்த பிறகு, அங்கே கொட்டிய பனியில் என்3 சாலையை மூடிவிட்டார்கள். வண்டிக்குள்ளேயே இரவைக் கழித்தவர்கள் பலர். பனி வரும் என்று முன்னறிவிப்பில் சொன்னால் கிளம்புவதைத் தள்ளிப்போடுவோம்.

முதல் இரவு, கரூ என்ற வறண்ட பகுதியில் இருக்கும் கோல்ஸ்பெர்க் ஊரில். கரூவில் இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார். அந்தி நேரத்தில் குடு மான் வேலியைத் தாண்டிக் குதிக்கும். கிடா 200 கிலோவுக்கு மேலேகூட இருக்கும், மோதினால் கார் அப்பளம்தான்! காலையில் கண்ணாடியில் உறைபனி படிந்திருக்கும். வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும், சுரண்ட ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். அப்புறம், கம்பளியெல்லாம் பின் சீட்டில்தான், டிக்கியில் வேண்டாம். புளிசாதம் அத்தை பொறுப்பு.